லிபோவாவில் இருவர்

2009 மார்ச் 4 – 1,80,000 யூரோ
2010 மார்ச் 9 – 1,45,000 யூரோ
2011 ஏப்ரல் 12 – 90,000 யூரோ
2012 மே 3 – 38,500 யூரோ
2013 – இல்லை

லுப்லியானாவில் இயங்கிய நல்லயலார் நிதிக்கு ஸ்லோவேனிய அரசு செலுத்திய தொகைகள் இவை. போஸ்னியாவில் போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை எடுக்கும் வேலைக்கு இந்தப் பணம் போயிற்று. நான்காவது தொகையில் ஒரு பங்கு, ஊனா ஆற்றுக்கு மேலே லிபோவா என்ற மலையூரில் ஒரு பிளம் தோட்டத்துக்குச் செலவானது. அந்தத் தோட்டம் பட்டியலில் இடம் பிடித்தது ஒரு வினைச்சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளால். அவற்றை எழுதிய கை சிரில் ஹுமாருடையது.

சிரில் 1951இல் இத்ரியாவில் பிறந்தார். தகப்பனார் பாதரசச் சுரங்கத் தொழிலாளி. மகன் மண்ணுக்கு அடியில் போக வேண்டாம் என்று நில அளவை படிக்க வைத்தார். யூகோஸ்லாவியா இருந்தவரை சிரில் அதன் மலைகளை அளந்தார். அது உடைந்த பிறகு, அதே மலைகளில் எங்கே கால் வைக்கலாம் எங்கே வைக்கக் கூடாது என்று அளக்கும் வேலைக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சூப், மற்ற நாள்களில் தானே சமைத்த கஞ்சி. சரிவைக் கண்ணால் மதிப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. கருவியை வைத்துப் பார்த்துத்தான் எழுதுவார். அவர் அறிக்கையில் ஒரு எண் தவறியதாக யாரும் சொன்னதில்லை.

ஸ்லோவேனிய மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஒன்று உண்டு. ஒருத்தி வசித்தால் 'ஜிவி' (živi). இருவர் வசித்தால் 'ஜிவிதா' (živita). மூன்றோ முப்பதோ ஆனால் வேறு முடிவு. கணவன் மனைவி, இரட்டைப் பிள்ளைகள், ஒரு ஜோடி எருது, எல்லாவற்றுக்கும் இருமைதான். பள்ளிக்குப் போகாத குழந்தைக்கும் அது தானாக வரும். போஸ்னியா மாதிரித் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கோ சாகும்வரை வராது. பேச்சில் ஒருவர் இரண்டு பேரைப் பன்மையில் சொன்னால், அவர் எங்கிருந்து வந்தவர் என்று கடைக்காரர்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

2011 செப்டம்பரில் சிரில் முதல்முறை லிபோவாவுக்குப் போனார். முப்பது வீடுகள் இருந்த ஊரில் ஒரு வீட்டில் மட்டும் புகை வந்தது. அந்த வீட்டுக்காரி ஹாஸ்னியா, வயது அறுபத்தெட்டு. வாசலில் நின்று அவர் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு ஸ்லோவேனிய மொழியிலேயே பேசினாள்.

"லுப்லியானா வண்டியா? உள்ள வா தம்பி. உங்க ஊர் யெசெனித்சேல நாங்க பதினெட்டு வருஷம் இருந்தோம். அவர் இரும்பாலை, நான் அங்கயே சமையல்கட்டு."

'இருந்தோம்' என்பதைப் பன்மையில் சொன்னாள். சிரில் புன்னகை செய்தார். அவளுக்கு அது புரிந்துவிட்டது.

"சிரி, சிரி. அவரும் இப்படித்தான் சிரிப்பார். ரெஃபிக் உங்க மொழிய அப்படிச் சுத்தமா பேசுவார், பாட்டுக்குழுவுல எல்லாம் சேத்துக்கிட்டாங்க. நான் எல்லாத்தையும் ஒரே அண்டால போட்டுக் கிண்டுவேன். 'உன் வாய்ல நாம ரெண்டு பேரு ஊர்வலமாயிடறோம்டி'ன்னு கிண்டல் பண்ணுவார்."

"அவர் இப்ப…"

"தோட்டத்துல."

1994 நவம்பரில் ரெஃபிக் பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குள் போனார். சண்டை நடந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் அங்கே கண்ணிவெடி புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வெடித்த சத்தமும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து தோட்டத்தைச் சுற்றி எச்சரிக்கை நாடா, மண்டை ஓடு வரைந்த பலகை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த நாடாவ எடுத்துக் குடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவர் அங்க, நான் இங்க. நடுவுல ஒரு நாடா. இப்படியே நான் செத்தா நல்லாவா இருக்கும்?"

மேஜையில் பிடியில்லாத சின்னக் கோப்பைகள் இரண்டு இருந்தன. ஒன்று தனக்கு என்று நினைத்து சிரில் கை நீட்டினார். அவள் அவர் கையை மெல்லத் தட்டிவிட்டு, அலமாரியிலிருந்து மூன்றாவது கோப்பையை எடுத்துத் துடைத்து அதில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

தனியாக வாழும் கிழவிகளை சிரில் நிறையப் பார்த்திருக்கிறார். ஆளில்லாத கோப்பைக்கும் காப்பி ஊற்றுவார்கள். அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் பின்கதவைத் திறந்தபோது வந்தது.

நாடாவுக்கு இந்தப் பக்கம், படிக்கல்லின் மேல், ஒரு கூடை நிறையப் பிளம் பழம். ஒவ்வொன்றும் காம்போடு பறித்தது.

"இது யார் பறிச்சது, அக்கா?"

"விழறது உருண்டு வருது."

சிரில் கருவியை வைத்துப் பார்த்தார். தோட்டம் வீட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்தது. பழம் உருண்டால் ஆற்றுப் பக்கம்தான் போகும். பிறகு தொலைநோக்கியை எடுத்தார். பதினேழு வருஷம் மனிதக் கால் படாத இடம். புல் இடுப்பளவு. ஆனால் மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டிருந்தன. கடைசி வரிசை வரைக்கும் அடிமரங்களில் மார்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வசந்தத்தில் அடித்த சுண்ணாம்பு, இன்னும் வெளுப்பு மாறவில்லை. புல்லில் ஒரு தடமும் இல்லை.

நடுப்பகல். நல்ல வெயில். சிரில் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கத்துச் சரிவையும் குறித்துக்கொண்டு லுப்லியானாவுக்குத் திரும்பினார்.

நிதி அலுவலகத்தின் அறிக்கைகளை எல்லாம் மொழி பார்த்துத் திருத்துபவர் யெல்கா. ஐம்பது வயது, சிவப்புப் பென்சில், யாருக்கும் பயப்படாத வாய். பத்தரை மணிச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சிரிலின் மேஜைக்கு எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏன் சிரில், உங்களுக்கு வயசாகுதா, இல்ல காதலா?"

"ஏன்?"

"பேர் ஒண்ணு, வினை ரெண்டு. 'ஹாஸ்னியா இந்த வீட்டில் வசிக்கிறாள்'ங்கிற எடத்துல 'ஜிவிதா'ன்னு எழுதிருக்கீங்க. ஒரு எடத்துல இல்ல. சமைக்கிறது, தூங்கறது, தோட்டத்தை நம்பிப் பொழைக்கிறது, எல்லாமே ரெண்டு பேரு. தெற்கத்திக்காரங்க இருமையைத் தொலைப்பாங்க. இல்லாத இருமையக் கொண்டு வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான்."

சிரில் வாங்கிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். எழுதியபோது எதுவும் தோன்றியதாக நினைவில்லை. வாழ்க்கையில் தன்னைப் பற்றி இருமையில் சொல்ல அவருக்கு வாய்ப்பே வந்ததில்லை. அந்த முடிவுகள் அவர் பேனாவுக்குப் பழக்கமானவையும் அல்ல.

"திருத்திடுங்க," என்றார்.

"திருத்தலாம். ஆனா கொஞ்சம் கேளுங்க."

நிதியின் ஏற்பாடு எளிமையானது. ஸ்லோவேனியா ஒரு யூரோ போட்டால், கடல் தாண்டி இருக்கும் ஒரு பெரிய நாடு தன் பங்குக்கு இன்னொரு யூரோ போடும். இரண்டு நாட்டுக் கையெழுத்தும் இருந்தால்தான் நிலம் பட்டியலில் ஏறும். அந்த வருஷம் பெரிய நாடு ஒரு நிபந்தனை போட்டது: குறைந்தது இரண்டு பேர் நிரந்தரமாக வசிக்கும் வீட்டு நிலங்கள் மட்டும். ஒற்றை ஆள் வீடுகள் அடுத்த சுற்றுக்கு. சிரிலின் அறிக்கையின் முதல் பிரதி திருத்தத்துக்கு முன்பே மொழிபெயர்ப்புக்குப் போய்விட்டது. மொழிபெயர்த்தவர் 'ஜிவிதா'வைப் பார்த்து, அட்டவணையில் 'இருவர்' என்று போட்டுவிட்டார். லிபோவா தோட்டம் பட்டியலில் ஏறியிருந்தது.

"அவங்க மொழில இருமையே கெடையாது, ஆனா ரெண்டு பேரு வேணுமாம்," என்றார் யெல்கா. "நான் இப்ப ரெண்டு எழுத்த அடிச்சா தோட்டம் போச்சு. அடுத்த சுற்றுன்னு ஒண்ணு வருமா, நீங்களே கேளுங்க."

சிரில் துறைத் தலைவர் டாமியானின் அறைக்குப் போனார். டாமியான் அப்போதுதான் அமைச்சகத்தின் புதிய வெளியுறவு முன்னுரிமைப் பட்டியலை வாசித்து முடித்திருந்தார்.

"பால்கன் எந்த எடத்துல இருக்கு சார்?"

"முதலிடம்! எப்பவும் போல. அண்டை நாடு, பொறுப்பு, ஒத்துழைப்பு. ஒரு பக்கம் முழுக்க எழுதிருக்காங்க."

"பணம்?"

"சிரில், நான் சொன்னது எடம். பணம் வேற பக்கம்." டாமியான் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "அடுத்த வருஷம் கடைசி. அதுக்கப்புறம் நம்ம அறையக் காலி பண்ணணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஆகவே சிரிலுக்கு நிலைமை தெளிவாக இருந்தது. பிழையைத் திருத்தினால் ஹாஸ்னியா நாடாவுக்கு இந்தப் பக்கமே இருந்து சாவாள். திருத்தாவிட்டால் அவர் கையெழுத்துக்கு மேலே ஒரு பொய் நிற்கும். நவம்பரில் மறுபடி லிபோவாவுக்குப் போனார்.

அன்று ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து வீட்டைச் சூழ்ந்திருந்தது. பகல் பதினொரு மணிக்கு விளக்குப் போட்டிருந்தாள். வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ். ஒன்று பெண்கள் அளவு, காய்ந்திருந்தது. மற்றது பெரியது. அதன் அடியில் ஈர மண். மண்ணில் ஒட்டிய ஒரு பிளம் இலை.

சிரில் உள்ளே போய் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

"அக்கா, ஒரு கேள்வி. நேராச் சொல்லுங்க. இந்த வீட்டுல எத்தன பேரு?"

"எழுதறது நீ. உன் கண்ணுல பட்டத எழுது."

"நான் ஒருத்தரத்தான் பாக்கறேன்."

"அப்ப ஒண்ணுன்னு எழுது."

சிரில் 'ஜிவி' என்று எழுதினார். பார்த்தார். 'ஜிவிதா' என்று இருந்தது. அடித்துவிட்டு, பள்ளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக மறுபடி எழுதினார். நான்காவது எழுத்தோடு பேனாவைத் தூக்கினார். தூக்கியதாகத்தான் நினைத்தார்.

தோட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'டக்'. கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'டக்'. ஈரக்கிளையைக் கத்தரிக்கும் சத்தம்.

சிரில் சன்னலைப் பார்த்தார். பனி தவிர ஒன்றும் தெரியவில்லை. ஹாஸ்னியா தலை நிமிராமல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நவம்பர்ல கிளை கழிக்கலன்னா மரம் கெட்டுப்போகும்," என்றாள்.

"அக்கா…"

"பயந்துட்டியா? யெசெனித்சேல உங்க ஆளுங்க இவ்வளவு பயந்தாங்கொள்ளி இல்லயே."

"அவர் செத்துட்டார்னு நீங்க எங்கயாவது எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

"எதுக்குக் குடுக்கணும்? நகராட்சிலருந்து மூணு தடவ வந்தாங்க. கையெழுத்துப் போட்டா பென்ஷன் கூடும்னாங்க. நான் பாக்காத சாவுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? போங்கடான்னு அனுப்பிட்டேன்."

சிரில் பேனாவைக் கீழே வைத்தார். அன்று பிற்பகலே மலை இறங்கி நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். குடியிருப்போர் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். லிபோவா, கடைசி வீடு: ஹாஸ்னியா, ரெஃபிக். இருவர். யாரும் அடிக்கவில்லை. அரசாங்கத்தின் கண்ணுக்கு ரெஃபிக் அந்த வீட்டில்தான் வசித்துக்கொண்டிருந்தார்.

பதிவேட்டின் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு லுப்லியானாவுக்கு வந்தார். இரண்டாவது பெயருக்கான கட்டத்தில் 'ரெஃபிக்' என்று எழுதினார். வினையைத் தொடவில்லை.

யெல்கா நகலையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்புப் பென்சில் காகிதத்துக்கு மேலே நின்றது.

"இலக்கணப்படி இப்பச் சரி," என்றார். "நியூயார்க்ல ஐ.நா. பாதுகாப்புச் சபை நாற்காலி கேட்டு நம்ம ஆளுங்க போனாங்க, கெடைக்கல. லிபோவால ஒரு தோட்டமாவது கெடைக்கட்டும். ஆனா சிரில், உங்க மூஞ்சி சரியில்ல. அங்க என்ன பாத்தீங்க?"

"பாக்கல. அதான்."

2012 மே மாதம் பணம் வந்தது. ஜூனில் வேலை தொடங்கியது. தலைமை மரின்கோ. குண்டாக இருப்பார், ஓயாமல் பேசுவார், தன் தொழிலாளிகளைத் திட்டிக்கொண்டே காப்பாற்றுவார். அவரிடம் பேபா என்று ஒரு நாய் இருந்தது. வெடிமருந்து வாசனை வந்தால் அது அந்த இடத்தில் உட்காரும். அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வித்தை. சிரில் போய்ச் சேர்ந்தபோது மரின்கோ பேசாமல் இருந்தார். அதுவே புதுமை.

"என்ன மரின்கோ, நாக்க யாராவது அறுத்துட்டாங்களா?"

"நாயப் பாருங்க."

பேபா கயிற்றின் எல்லைவரை போயிற்று. உட்காரவில்லை. கடைசி வரிசை மரத்தைப் பார்த்து நின்றது. பிறகு வாலை ஆட்டியது. காதுகளை மடக்கிக்கொண்டு, தெரிந்தவர் முதுகைத் தடவினால் நெளியுமே, அப்படி நெளிந்தது. மரத்தடியில் யாரும் இல்லை.

"மூணு நாளா இதான்," என்றார் மரின்கோ. "வெடி இருக்கற எடத்துல ஒழுங்கா உக்காருது. அங்க மட்டும் போய்க் கொஞ்சுது. என் பசங்க ரெண்டு பேரு அந்த வரிசைக்குப் போக மாட்டேங்கறானுங்க. நானே போறேன். எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

ஆகஸ்ட் முடிவதற்குள் தோட்டம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தோண்டிப் பார்த்தார்கள். கண்ணிவெடிகள் கிடைத்தன, துருப்பிடித்து, ஒன்றும் வெடிக்காமல். எலும்பு கிடைக்கவில்லை. பொத்தான் இல்லை, பெல்ட் வளையம் இல்லை, பல் இல்லை. கடைசி வரிசை மரத்தடியில் ஒரு மரமுக்காலியும், அதன் மேல் பிடியில்லாத கோப்பை ஒன்றும் இருந்தன. மரின்கோ கோப்பையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து சிரிலிடம் கொடுத்தார். அடியில் காப்பித் தூள் ஈரமாக இருந்தது.

சிரில் அதை ஹாஸ்னியாவிடம் கொடுக்க மனமில்லாமல் நின்றார். அவள் தானே வாங்கி, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கழுவி மேஜையில் வைத்தாள்.

"அக்கா, நல்லாத் தேடிட்டாங்க. அவர் அங்க இல்ல."

அவள் அழுவாள் என்று சிரில் எதிர்பார்த்தார்.

"அங்க இல்லன்னா இங்கதான இருக்கணும்," என்றாள்.

செப்டம்பரில் ஒப்படைப்பு விழா. இரண்டு நாட்டுக் கொடிகள், ஒரு பித்தளைத் தகடு, டாமியானின் பேச்சு. சிறிய நாடுகளாலும் பெரிய நட்பை வளர்க்க முடியும் என்றார். கடல் தாண்டிய நாட்டின் பிரதிநிதி பிளம் பலகாரத்தில் நான்கைத் தின்றுவிட்டு, மொழிபெயர்ப்பாளர் மூலம் விசாரித்தார்: "இந்த வீட்டின் இன்னொருவர் எங்கே? அவருக்கும் கைகொடுக்க வேண்டும்."

டாமியான் சிரிலைப் பார்த்தார். சிரில் தகட்டைப் பார்த்தார்.

ஹாஸ்னியா உள்ளே போனாள். பின்கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள். மரின்கோ மீதி நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாடாவின் கடைசி முனை மரத்திலிருந்து விடுபட்டதும், காற்றில்லாத அந்த மதியத்தில், புதிதாக முளைத்திருந்த புல் கடைசி வரிசையிலிருந்து வீட்டை நோக்கி ஒரு கோடாக அசைந்து வந்தது. பேபா குரைக்கவில்லை. எழுந்து நின்று வழி விட்டது.

"களைப்பா இருக்கும். வரட்டும்," என்றாள் ஹாஸ்னியா, யாரிடமும் இல்லாமல்.

சிரில் தன் வண்டிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

2013 பிப்ரவரியில் மரின்கோ தொலைபேசினார்.

"ஹாஸ்னியா அக்கா போயிட்டாங்க. ரெண்டாம் தேதி. பனில வழி அடைச்சு, நாங்க போய்ச் சேரவே நாலு நாள் ஆச்சு. தூக்கத்துலயே போயிருக்காங்க, கஷ்டப்படல."

"அடக்கம்?"

"ஆச்சு. நானே குழி தோண்டினேன், நானே இறக்கினேன். ஒண்ணு சொல்லட்டுமா? கட்டில்ல ரெண்டு தலகாணி. ரெண்டுலயும் தல வெச்ச பள்ளம். சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கல."

நகராட்சியில் ஹாஸ்னியாவின் பெயரை அடித்தார்கள். ரெஃபிக்கின் பெயரை அடிக்க மனுப் போட இனி யாரும் இல்லை. பதிவேட்டின்படி அந்த வீட்டில் இப்போது ஒருவர் வசிக்கிறார்.

மார்ச் கடைசியில் நிதி அலுவலகம் மூடப்படுவது உறுதியாயிற்று. சிரில் கோப்புகளைப் பெட்டியில் அடுக்கினார். லிபோவா அறிக்கையின் மேல் பக்கத்தைப் புரட்டி, அந்த வினையை இன்னொரு தரம் பார்த்தார். ஓய்வுபெற மூன்று வாரம் இருந்தது. திருத்த இன்னும் நேரம் இருந்தது. பெட்டியை மூடினார்.

கடைசி வாரத்தில் தபால்காரர் ஓர் உறையைக் கொண்டு வந்தார். போஸ்னியாவின் பிஹாச் நகரத் தபால் முத்திரை, அந்த ஏப்ரலில் குத்தியது. உள்ளே சமையலறைக் காகிதத்தில் ஸ்லோவேனிய மொழியில் சில வரிகள். எழுத்து ஹாஸ்னியாவுடையது. படிவங்களில் அவள் போட்ட கையெழுத்தோடு சிரில் ஒப்பிட்டுப் பார்த்தார். அதே சாய்வு, அதே உடைந்த கோடு.

'தம்பி சிரில், பூ வந்துவிட்டது. நாங்கள் இருவரும் நலம். காலையில் அடிமரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், மாலையில் கதவடியில் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் எழுதியது சரிதான், மாற்ற வேண்டாம். செப்டம்பரில் வாருங்கள். மூன்றாவது கோப்பையைக் கழுவி வைத்திருக்கிறோம்.'

சிரில் அதை யெல்காவிடம் நீட்டினார். யெல்கா வழக்கம்போலப் பென்சிலை எடுத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தார். நலமாயிருப்பது, சுண்ணாம்பு அடிப்பது, உட்கார்ந்திருப்பது, கழுவி வைப்பது. எல்லாம் இருமை. ஒரு முடிவுகூடத் தவறவில்லை.

"இந்த அம்மாவுக்கு இருமை வரவே வராதுன்னு சொன்னீங்களே?"

"வராது. ரெஃபிக்குக்குத்தான் வரும்."

யெல்கா பென்சிலை மேஜையில் வைத்தார். அது உருண்டு போய்க் கீழே விழுந்தது. இருவரும் எடுக்கவில்லை.

சிரில் கடிதத்தின் மூலையில், எந்தத் தாள் வந்தாலும் செய்வதுபோல, பெறப்பட்ட நாளைக் குறித்தார்: 2013 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை.